அடிச்சட்டமும் அரசுச்சட்டமும்



சட்டம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. கதவையும் சாளரத்தையும் இறுகப் பிடித்து நிற்கும் மரமும் சட்டமே. நாட்டு மக்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும் விதியும் சட்டமே. முன்னது பொருள் சிதறாமற் காக்கிறது. பின்னது வாழ்வு சிதறாமற் காக்கிறது. இவ்விரு சட்டங்களும் ஒன்றையொன்று எதிர்ப்பட்ட ஒரு வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது மன்னர்களைப் பற்றிய வரலாறன்று; போர்களைப் பற்றியதுமன்று. அவுஸ்திரேலிய நாட்டிலே, முன்பக்கம் காராகவும் பின்பக்கம் பாரம் ஏற்றும் திறந்த தட்டாகவும் அமைந்த ஒரு சிறிய மோட்டார் வண்டியின் வரலாறு. அந்நாட்டார் அதனைச் சுருக்கமாக 'யூட்' என்று அழைப்பர்.

நான்கு சில்லுகளும் இயந்திர விசையால் உந்தப்படும் ஜீப் வகையைச் சேர்ந்த சிறு வண்டியொன்றை வாங்கி, அதன் அடிச்சட்டத்தை வெட்டி, இடையிலே புதிய உருக்குத் துண்டைச் சேர்த்து நீட்டி, யூட்டாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் இன்றும் இருந்துவருகிறது. அவ்வாறு செய்ய அரசுச்சட்டம் இடங்கொடுக்கிறதா? கொடுக்கிறது. ஆனால் அதற்குரிய வழி நீண்டது. பணச்செலவும் பொறுமையும் வேண்டுவது. அவ்வழி ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை அறிய வேண்டுமாயின், 1930ஆம் ஆண்டுகளிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

அக்காலத்தில் உலகெங்கும் பொருளாதார மந்தம் நிலவிற்று. அவுஸ்திரேலியக் கமக்காரனுக்குப் பண்ணைக்கும் சந்தைக்கும் இடையே பல மைல் தூரம். காரும் லொறியும் ஆக இரண்டு வண்டிகளை வாங்கும் வசதி அவனுக்கு இல்லை. உல்லாசப் பயணத்துக்கான காருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின என்றும், தொழிலுக்குப் பயன்படும் வண்டிக்கு மாத்திரம் கொடுத்தன என்றும் கூறுவர். ஆதலால் பலர் பழைய கார்களின் பின்புறத்தை அறுத்துப் பலகைத் தட்டைப் பொருத்திக் கொண்டனர். திறந்த காரின் பின்னே பெட்டியொன்றை இணைத்த வண்டிகளைக் கம்பனிகளும் விற்றன. அவற்றிலே பாரம் ஏற்றலாம். ஆயின் மழைக்கும் புழுதிக்கும் ஒதுங்க முடியாது.

1932ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்துப் பகுதியிலிருந்து, ஒரு கமக்காரரின் மனைவி ஃபோர்ட் கம்பனிக்குக் கடிதம் எழுதினார் என்பது அந்நாட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமற் செல்லவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அவர் கேட்டது. ஜீலோங் நகரிலிருந்த தொழிற்சாலையில் லூயிஸ் பாண்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர் பணிபுரிந்தார். 1910ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. மூடிய காரின் முன்பகுதியையும் பாரத் தட்டின் பக்கங்களையும் தனித்தனியே விடாமல் ஒரே உடலாக இணைத்து அவர் வரைந்தார். 1934ஆம் ஆண்டில் அவ்வண்டி வெளிவந்தது. ஏறத்தாழ 1200 இறாத்தல் பாரத்தை அது சுமந்தது.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாண்ட் செய்ததும் ஒருவகை மாற்றமே. ஆட்களுக்கென அமைந்த காரைப் பாரத்துக்கென அவர் மாற்றினார். பண்ணைக் கொட்டிலில் வாளுஞ் சுத்தியலுமாக நின்ற கமக்காரன் செய்ததும் அதுவே. வேற்றுமை எங்கே இருக்கிறது? பாண்டின் பின்னே ஒரு தொழிற்சாலை இருந்தது. பாரம் எங்கே அழுத்தும், எந்த இடம் முதலில் முறியும் என்பதை வண்டி வீதிக்கு வருமுன்னரே எண்ணிப் பார்க்கும் கடமை அத்தொழிற்சாலைக்கு இருந்தது. வண்டி முறிந்தால் விடை சொல்ல வேண்டிய பெயரும் அதன்மேற் பொறிக்கப்பட்டிருந்தது. கொட்டிலில் மாற்றிய வண்டிக்கு விடை சொல்வார் யார்? நமது வரலாறு முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே செல்கிறது.

ஹோல்டன் கம்பனியின் யூட் 1951ஆம் ஆண்டில் வந்தது. இவை எல்லாம் நல்ல வீதிக்கு ஏற்றவை. சேற்றிலும் மணலிலும் மலைச்சரிவிலும் செல்ல நான்கு சில்லு விசை வேண்டும். அவ்வகை வண்டியை உலகறியச் செய்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 80 அங்குலம். இதனை அச்சிடைத் தூரம் என்று சொல்வோம். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த லாண்ட் ரோவரும் அதே 80 அங்குலம் கொண்டிருந்தது. நம் நாட்டுத் தோட்டப்புறங்களிலும் அவ்வண்டி ஓடியதை மூத்த நேயர்கள் நினைவுகூர்வர். அவுஸ்திரேலியாவில் 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய சினோவி மலை நீர்மின் திட்டத்திலும் லாண்ட் ரோவர்கள் பெரிதும் உழைத்தன.

குறுகிய அச்சிடைத் தூரத்துக்கு ஒரு நன்மை உண்டு. மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வண்டியின் வயிறு நிலத்திலே தட்டாது. நெருக்கமான வளைவிலும் எளிதாகத் திரும்பும். ஆனால் ஆட்கள் இருவர் ஏறியபின் பாரத்துக்கு மிஞ்சும் இடம் மிகச் சிறிது. இக்குறையை அக்கம்பனியே விரைவில் உணர்ந்தது. 1954ஆம் ஆண்டு வகையில் 80 அங்குலம் 86 அங்குலமாயிற்று. பாரத் தட்டுடைய 107 அங்குல வண்டியும் தோன்றியது. 1956ஆம் ஆண்டில், வரவிருந்த டீசல் இயந்திரத்துக்கு இடம் வேண்டி இரண்டையும் மேலும் இவ்விரண்டு அங்குலம் நீட்டினர். ஆகவே அடிச்சட்டத்தை நீட்டுதல் என்பது சில்லறைப் பட்டறைகளின் துணிச்சலாகத் தொடங்கியதன்று. பெரிய தொழிற்சாலைகளே கணக்கிட்டுச் செய்துவந்த வேலை அது.

பின்னர் யப்பான் நாட்டின் மிகச் சிறிய வண்டிகள் வந்தன. சுசுகி கம்பனி 1970ஆம் ஆண்டில் 359 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துடன் ஒரு நான்கு சில்லு விசை வண்டியை வெளியிட்டது. அதன் வழித்தோன்றல்கள் அவுஸ்திரேலியாவிற் பெரும் செல்வாக்குப் பெற்றன. 1981ஆம் ஆண்டில் வந்து அங்கே சியரா எனப் பெயர் பெற்ற வண்டிக்கு அச்சிடைத் தூரம் 2030 மில்லிமீற்றர். அதன் நீண்ட வகைக்கு 2375. 1998ஆம் ஆண்டில் வந்த ஜிம்னி 2250 மில்லிமீற்றர் கொண்டது. 2018ஆம் ஆண்டுப் புதிய ஜிம்னியும் அதே அளவினதே. இவை யாவும் தனி அடிச்சட்டத்தின்மேல் உடல் பொருத்தப்பட்டவை. ஆதலால் உடலைக் கழற்றிச் சட்டத்தை நீட்டலாம் என்னும் எண்ணம் கைவினைஞன் ஒருவனுக்கு இயல்பாகவே தோன்றும்.

அச்சட்டம் எத்தகையது? ஓர் ஏணியைத் தரையிலே கிடத்தினால் எப்படியோ, அப்படி. இருபுறமும் இரண்டு நீண்ட உருக்குத் தண்டுகள். அவற்றை இணைக்கும் குறுக்குத் தண்டுகள் பல. இதனை நீட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வெட்டி நீட்டுதல் ஒன்று. பின் அச்சுக்கு அப்பால் வாற்பகுதியை மட்டும் நீட்டுதல் மற்றொன்று.

இரண்டாவது வழி எளிதெனத் தோன்றும். இயந்திர விசையைக் கொண்டு செல்லும் சுழல் தண்டையோ பிரேக்குக் குழாய்களையோ தொட வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து மிகுந்த வழியும் அதுவே. யாழ்ப்பாணத்துக் கிணற்றடித் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சே துலாவின் ஆடுகால். அதற்குப் பின்னால் எவ்வளவு தூரத்திற் பாரம் நிற்கிறதோ, அவ்வளவுக்கு முன்பக்கம் மேலெழ முயலும். முன் சில்லுகள் வீதியை அழுத்திப் பிடிக்காவிடில் சாரதி திருப்பிய பக்கம் வண்டி திரும்பாது; பிரேக்கும் முறையாகப் பிடிக்காது. ஆகவே பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, அச்சிடைத் தூரத்தின் 60 வீதத்தையோ 3.7 மீற்றரையோ, இவற்றுள் எது குறைந்ததோ அதை, மிஞ்சலாகாது என்று அந்நாட்டு விதி கூறுகிறது. 2250 மில்லிமீற்றர் அச்சிடைத் தூரமுள்ள ஜிம்னிக்கு அவ்வெல்லை 1350 மில்லிமீற்றர். இந்த எண் அதிகாரியின் மனம்போன போக்கிற் பிறந்ததன்று. துலாவின் நியாயத்திற் பிறந்தது.

முதலாவது வழியிலே பாரம் இரு அச்சுகளுக்கும் இடையிற் பங்கிடப்படும். ஆனால் வேலை பெரிது. வீட்டு உத்திரத்தை நீட்டினால் அது தொய்வதை நாம் அறிவோம். ஒரே பருமனுள்ள உத்திரம் ஒரே பாரத்தைத் தாங்கும்போது, நீளத்தை 15 வீதம் கூட்டினால் தொய்வும் 15 வீதமே கூடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது ஏறத்தாழ 50 வீதம் கூடுகிறது. தொய்வு நீளத்தின் முப்படியைப் பின்பற்றி வளர்வதே இதற்குக் காரணம். எனவே நீட்டிய சட்டத்துக்கு வலுவும் கூட்டுதல் வேண்டும்.

இனி, ஒட்டு வேலையைப் பார்ப்போம். சேர்க்கும் உருக்கு பழைய உருக்கின் தன்மையையும் தடிப்பையும் ஒத்திருத்தல் வேண்டும். நேர் குறுக்காக வெட்டி ஒட்டினால் முழு ஒட்டும் ஒரே கோட்டில் நின்று பாரத்தைத் தாங்கும்; ஆதலால் சாய்வாகவோ படிப்படியாகவோ வெட்டுவர். மூட்டின்மேல் அணைத்தகடு வைத்து வலுவூட்டுவர். அத்தகட்டின் நுனியையும் திடீரென முடியவிடாமல் ஒடுங்கச் செய்வர். இல்லையேல் தகடு முடியும் இடத்திலேயே வெடிப்புத் தோன்றும். வெல்டிங் வெப்பம் உருக்கின் இயல்பையும் மாற்றும். இவற்றோடு சுழல் தண்டை நீட்டிச் சமநிலைப்படுத்தல் வேண்டும். மிக நீண்ட தண்டு அதிவேகத்தில் அதிரும். பிரேக்குக் குழாய், எரிபொருட் குழாய், கைப்பிரேக்கின் கம்பி, மின்கம்பிகள் ஆகிய எல்லாவற்றையும் புதிய நீளத்துக்கு அமைத்தல் வேண்டும். உடலின் பின்பகுதியை அறுக்கும்போது இருக்கைப் பட்டியைத் தாங்கும் இடங்கள் வலுவிழக்கவும் கூடும். பிற்கால வண்டிகளிற் சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு உண்டு. அது பழைய அச்சிடைத் தூரத்தையும் பழைய எடையையும் கணக்கிற் கொண்டு அமைக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவையும் செய்து முடித்தபின் ஒட்டின்மேற் கறுப்பு வர்ணம் பூசப்படும். அதன்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரும் பார்க்க முடியாது. இங்கேதான் அரசுச்சட்டம் உள்ளே நுழைகிறது.

1901ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய மாநிலங்கள் ஒன்றிணைந்தபோது வீதிகளும் வாகனப் பதிவும் மாநிலங்களின் கையிலேயே இருந்தன. வண்டிகள் பெருகின, வேகம் பெருகியது, சாவும் பெருகியது. 1970ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் இறந்தோர் 3798 பேர். அந்நாட்டு வரலாற்றில் அதைவிடக் கொடிய ஆண்டு இல்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே விக்டோரியா மாநிலம் இருக்கைப் பட்டி அணிவதைக் கட்டாயமாக்கியது. உலகிலே இதனை முதலிற் செய்த ஆட்சி அதுவே. அதற்குச் சற்று முன்னர், 1969ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம், புதிய வாகனங்களுக்கான அவுஸ்திரேலிய வடிவமைப்பு விதிகள் நாடெங்கும் சட்டவலுப் பெறத் தொடங்கின. 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் தரச் சட்டம் அவற்றை மத்திய அரசின் சட்டமாக்கியது. 2018ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வீதி வாகனத் தரச் சட்டம் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது.

இவ்விதிகள் வண்டி முதன்முதல் விற்பனைக்கு வரும்போது அதனைச் சோதிப்பவை. விற்றபின் ஒருவன் அதனை மாற்றினால் என் செய்வது? அப்பொறுப்பு மாநிலங்களின் பதிவதிகாரிகளுடையது. மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபட்டதால், 4.5 தொன்னுக்கு மேற்படாத இலகு வாகனங்களின் கட்டுமானத்துக்கும் மாற்றத்துக்குமென ஒரு தேசிய நடைமுறைக் கோவை 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அடிச்சட்டத்தையும் உடலையும் பற்றித் தனிப்பகுதியொன்று அதிலே உண்டு. கோவையின் அடிப்படைக் கருத்து எளிமையானது: வண்டி பிறந்தபோது எவ்விதிகளுக்கு அமைந்திருந்ததோ, மாற்றியபின்னும் அவ்விதிகளுக்கு அமைந்திருத்தல் வேண்டும்.

ஆதலால் சட்டப்படி நடக்க விரும்புவோன் வெட்டுவதற்கு முன்னரே அங்கீகாரம் பெற்ற பொறியியலாளரை நாடுதல் வேண்டும். வெட்டியபின் நாடினால், உள்ளே இருக்கும் ஒட்டை அவர் எவ்வாறு பார்ப்பார்? எந்த உருக்கு, எங்கே வெட்டு, எத்தகைய ஒட்டு என்பன முதலில் ஆராயப்படும். வேலை நடக்கும்போது மூட்டுகள் மூடப்படுமுன் பார்வையிடப்படும். முடிந்தபின் பிரேக்கும் ஓட்டமும் சோதிக்கப்படும். ஆட்களை ஏற்றும் வகையிற் பதிந்த வண்டி பாரம் ஏற்றும் யூட்டாக மாறும்போது அதன் வகுப்பும் மாறுகிறது. புதிய வகுப்பின் விதிகளும் அதற்குப் பொருந்தும். பின்னரே பொறியியலாளர் கையொப்பமிடுவார். பதிவதிகாரி பதிவேட்டைத் திருத்துவார். காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவித்தல் வேண்டும். மாற்றம் அளவு கடந்தால், அதனைப் பழைய வண்டியின் திருத்தமாகக் கொள்ளாமல், தனியாள் ஒருவர் கட்டிய புதிய வண்டியாகவே கொள்வதும் உண்டு.

இன்னுமொன்று: தட்டு நீண்டதனால், ஏற்றக்கூடிய பாரம் தானே கூடிவிடாது. வண்டிக்கு விதிக்கப்பட்ட மொத்த எடை பழையபடியே இருக்கும். புதிய உருக்கின் எடையும் தட்டின் எடையும் அந்த மொத்தத்திலிருந்தே கழிக்கப்படும். இடம் பெருகப் பெருகப் பாரத்துக்குரிய பங்கு குறைவதும் உண்டு என்பதைப் பலர் காலங்கடந்தே அறிகின்றனர்.

நேயர்களுள் ஒருவர் கேட்கலாம்: "வண்டி அவனுடையது, உருக்கு அவனுடையது, உழைப்பும் அவனுடையது, அரசுக்கு இதில் என்ன வேலை?" இக்கேள்வி நியாயமற்றதன்று. தன் தேவையைத் தன் கையாலே நிறைவேற்றிக்கொள்ளும் துணிவே யூட்டைப் பெற்றெடுத்தது என்பதையும் பார்த்தோம். கையொப்பத்துக்கும் சோதனைக்கும் ஆகும் செலவு எளியவனுக்குச் சுமை என்பதும் மெய்யே. ஆனால் வண்டி அவனுடையதாயினும் வீதி அவனுடையதன்று. எதிரே குடும்பத்தோடு வரும் ஒருவன் அந்த ஒட்டைப் பார்த்ததில்லை. அதனை ஒட்டியவனை அறிந்ததில்லை. அதன் நன்மையிற் பங்கு பெறுவதுமில்லை. ஒட்டு விட்டால் உயிரைக் கொடுப்பவன் அவனாயும் இருக்கலாம். கண்ணாற் காணமுடியாத ஒட்டுக்கு அவன் சார்பிற் கண்ணாக இருப்பதே அக்கையொப்பம். 1970ஆம் ஆண்டில் 3798 உயிர்களைப் பலிகொண்ட அந்நாட்டு வீதிகள், மக்கள்தொகை இருமடங்கான 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1100 உயிர்களையே கொண்டன. நல்ல வீதியும் நல்ல வைத்தியமும் இதற்குக் காரணங்கள். வாகனத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும் என்னும் விதியும் அவற்றோடு ஒன்று.

வரலாறு அண்மையில் ஒரு வட்டத்தைச் சுற்றி வந்திருக்கிறது. ஃபோர்ட் கம்பனி 2016ஆம் ஆண்டிலும் ஹோல்டன் 2017ஆம் ஆண்டிலும் அவுஸ்திரேலியாவில் வாகன உற்பத்தியை நிறுத்தின. பாண்ட் வகுத்த யூட் அந்நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து மறைந்தது. அவரோ அதற்கு முன்னரே, 1987ஆம் ஆண்டில், தாம் புதுப்பித்த 1934ஆம் ஆண்டு யூட்டை ஓட்டிச் செல்கையில் வீதி விபத்தில் உயிர்நீத்தார். மறுபுறம், சுசுகி கம்பனி 2023ஆம் ஆண்டில் ஐந்து கதவுடைய ஜிம்னியை இந்தியாவிலே தயாரித்து வெளியிட்டது. அதன் அச்சிடைத் தூரம் 2590 மில்லிமீற்றர். அதாவது, தனியார் பட்டறைகள் நீட்ட விரும்பிய அதே வண்டியைக் கம்பனியே 340 மில்லிமீற்றர் நீட்டியது. அந்த நீட்டத்துக்கும் ஒரு விலை இருந்தது. மேட்டுச்சியைக் கடக்கும் கோணம் 28 பாகையிலிருந்து 24 பாகையாகக் குறைந்தது. தொழிற்சாலையாயினும் கொட்டிலாயினும் உருக்கின் நியாயம் ஒன்றே.

ஆயினும் அது யூட் அன்று. சிறிய நான்கு சில்லு விசை யூட்டை வேண்டுவோன் இன்றும் பட்டறையையே நாடுகிறான். அவனுக்கு இவ்வரலாறு சொல்வது இதுவே: அடிச்சட்டத்தை வெட்டும் கணத்தில் வண்டியை வாங்கியவன் என்னும் நிலையை நீ கடந்துவிடுகிறாய், வண்டியை ஆக்கியவனாகிறாய். ஆக்கியோன் ஏற்கும் பொறுப்பையும் நீ ஏற்றல் வேண்டும். அப்பொறுப்பை எழுத்திலே வாங்கிக்கொள்வதற்காகவே அரசுச்சட்டம் நெடிய வழியை அமைத்திருக்கிறது.

ஓர் உருக்குத் துண்டைச் சேர்ப்பதால் அடிச்சட்டம் நீளும். அச்சேர்க்கைக்கு நான் பொறுப்பு என்று பெயரெழுதி ஒருவர் முன்வரும்போதே அந்த நீட்டம் பிறர் செல்லும் வீதியில் இடம்பெறத் தகுதி பெறுகிறது.